இயங்குதளத்தை மேம்படுத்தும்போது கோப்புகள் அழியுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடிந்துவிட்டதால், ஆண்டுக்கணக்கில் அப்படியே ஓடிக்கொண்டிருந்த கணினிகளைப் புதிய பதிப்புக்கு மாற்றும் வேலையில் பலர் இறங்கியிருக்கிறார்கள். மேக், லினக்ஸ் கணினிகளை வைத்திருப்பவர்களுக்கும் ஆண்டுக்கொரு முறையோ இரண்டாண்டுக்கொரு முறையோ இந்த வேலை வந்து சேர்கிறது. தெரிந்தவர்களின் கணினிகளை மேம்படுத்திக் கொடுக்கும்போது என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளையும், அவற்றுக்கு நான் சொல்லும் விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

மேம்படுத்தினாலே கோப்புகள் அழிந்துவிடுமா?

பெரும்பாலும் அழியாது. இருக்கும் விண்டோஸுக்கு உள்ளிருந்தே மேம்படுத்தலைத் தொடங்கினால், அது பழைய இயங்குதளத்தை "விண்டோஸ்.ஓல்ட்" என்ற கோப்புறைக்கு நகர்த்திவிட்டு, புதியதை அதன் இடத்தில் வைத்து, உங்கள் பயனர் கோப்புறையை அப்படியே மீண்டும் இணைத்துக்கொள்ளும். மேக்கில் 2019ஆம் ஆண்டு வந்த கேட்டலினா முதல் இயங்குதளம் தனியான, எழுத முடியாத ஒரு பகுதியிலும் உங்கள் தரவு வேறொரு பகுதியிலும் இருக்கின்றன. லினக்ஸில் மென்பொருள் தொகுப்புகள்தாம் மாற்றப்படுகின்றனவே தவிர, "ஹோம்" கோப்புறையில் மேம்படுத்தல் கை வைப்பதில்லை.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. மேம்படுத்தும்போது பல ஜிபி அளவுக்குத் தரவு சில மணி நேரத்துக்குள் படிக்கப்பட்டு, எழுதப்பட்டு, இடம் மாற்றப்படுகிறது. வழக்கமான பயன்பாட்டில் வெளியே தெரியாமல் இருந்த பழுதடைந்த வன்தட்டு அந்தச் சுமையில்தான் கைவிரிக்கும். நான் பார்த்தவரை இழப்புக்கு முதன்மையான காரணம் மேம்படுத்தும் மென்பொருள் அன்று. அதைச் சுற்றி மனிதர்கள் செய்யும் தேர்வுகள்தாம். தவறான வட்டைத் தேர்ந்தெடுப்பது, பூட்டப்பட்ட வட்டைத் திறக்கும் மீட்பு விசை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் தொடங்குவது, பிரதி எடுத்துவிட்டதாக நம்பிக்கொண்டிருப்பது ஆகிய மூன்றும் அவற்றில் முன்னிற்கின்றன.

மேம்படுத்தலே கோப்புகளை அழித்த சம்பவம் எதுவும் உண்டா?

உண்டு. 2018 அக்டோபர் 2ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட விண்டோஸ் 10 பதிப்பு 1809 இதற்குச் சரியான சான்று. "டாக்குமென்ட்ஸ்", "பிக்சர்ஸ்" போன்ற கோப்புறைகளை வேறொரு டிரைவுக்குத் திருப்பிவிடும் வசதி விண்டோஸில் இருக்கிறது. முந்தைய பதிப்பில், அப்படித் திருப்பிவிட்டவர்களின் கணினியில் அதே பெயரில் வெறுமையான இன்னொரு கோப்புறையும் தோன்றுகிறது என்று பயனர்கள் குறை சொன்னார்கள். அந்த வெற்றுக் கோப்புறைகளை நீக்குவதற்காகப் புதிய பதிப்பில் ஒரு நிரல்துண்டு சேர்க்கப்பட்டது. அது நீக்கிய பழைய கோப்புறைகள் எல்லாமே வெறுமையாக இருக்கவில்லை. திருப்பிவிட்ட பிறகும் பழைய இடத்திலேயே கோப்புகளை விட்டு வைத்திருந்தவர்கள் அவற்றை இழந்தார்கள்.

இழந்ததாகப் புகார் அளித்தவர்கள் மொத்த நிறுவல்களில் ஒரு சதவீதத்தில் நூறில் ஒரு பங்கு, அதாவது பத்தாயிரத்தில் ஒருவர் என்று மைக்ரோசாஃப்ட் தெரிவித்தது. சில நாள்களிலேயே வெளியீடு நிறுத்தப்பட்டு, நவம்பர் 13ஆம் தேதி திருத்தப்பட்ட பதிப்பு வந்தது. வெளியீட்டுக்கு முன்பே சோதனைப் பயனர்கள் சிலர் இதைப் பற்றிப் புகார் அளித்திருந்தும் அது கவனிக்கப்படாமல் போனதுதான் என்னை இன்றும் வருத்துகிறது. பத்தாயிரத்தில் ஒருவர் என்ற எண் சிறியதாகத் தெரியலாம். அந்த ஒருவருக்கு இழப்பு முழுமையானது.

மேக் பக்கத்திலும் நடந்திருக்கிறது. பிக் சர் பதிப்பின் நிறுவி 2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில், போதிய காலி இடம் இருக்கிறதா என்று பார்க்காமலேயே வேலையைத் தொடங்கியது. அந்த மேம்படுத்தலுக்கு ஏறத்தாழ 35 ஜிபி இடம் வேண்டும். இடம் போதாத கணினிகளில் நிறுவல் பாதியில் சிக்கிக்கொண்டது. வட்டைப் பூட்டி வைக்கும் ஃபைல்வால்ட் வசதி இயக்கப்பட்டிருந்தவர்களால் தங்கள் தரவை வெளியே எடுக்கவும் முடியாமல் போனது. பிப்ரவரியில் திருத்தப்பட்ட நிறுவி வந்த பிறகே அது சரியானது. இதிலிருந்து நான் கடைப்பிடிக்கும் வழக்கம் இரண்டு: புதிய பெரும் பதிப்பு வந்த முதல் சில வாரங்களுக்கு, முக்கியமான கணினியைத் தொடுவதில்லை, நிறுவி கேட்கும் இடத்தைவிடத் தாராளமாகவே காலி செய்துவிட்டுத் தொடங்குகிறேன்.

மேம்படுத்துவதற்கும் புதிதாக நிறுவுவதற்கும் என்ன வேறுபாடு?

இழப்புக்கான வாசல் பெரும்பாலும் இங்கேதான் திறக்கிறது. விண்டோஸுக்குள் இருந்து நிறுவியை ஓட்டினால் அது மூன்று தேர்வுகளைத் தரும்: கோப்புகளையும் செயலிகளையும் வைத்திருப்பது, கோப்புகளை மட்டும் வைத்திருப்பது, எதையும் வைத்துக்கொள்ளாமலிருப்பது. "நத்திங்" என்ற மூன்றாவது தேர்வு தானாகவே குறிக்கப்பட்டு, மற்றவை மங்கலாகத் தெரிந்தால், நிறுவியின் மொழியோ பதிப்போ உங்கள் விண்டோஸுடன் பொருந்தவில்லை என்று பொருள். அந்த இடத்திலேயே வெளியேறி, சரியான நிறுவியைத் தேடுங்கள்.

பென்டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கிப் புதிதாக நிறுவும்போது வேறொரு திரை வரும். அங்கே "டிஸ்க் 0", "டிஸ்க் 1" என்ற பெயர்களோடும் அளவுகளோடும் ஒரு பட்டியல் இருக்கும். உங்கள் கோப்புகளின் பெயர்கள் எதுவும் இருக்காது. பல ஆண்டுகளுக்கு முன், நண்பர் ஒருவரின் கணினியில் இந்தத் திரையில் நான் தவறு செய்தேன். உள்ளே இருந்த வன்தட்டும், படங்களைப் பிரதி எடுத்து வைத்திருந்த வெளி வன்தட்டும் ஒவ்வொன்றும் ஒரு டிபி கொள்ளளவு கொண்டவை. இரண்டுமே பட்டியலில் 931 ஜிபி என்று காட்டின. வெளி வன்தட்டைப் பிடுங்கி வைக்காமல் விட்டிருந்தேன். எதிலிருந்து மீட்க வேண்டுமோ அதையே அழித்தேன்; அடுத்த அரை மணி நேரத்தில் மற்றொன்றையும் அழித்து நிறுவினேன். அன்றிலிருந்து, நிறுவப்போகும் ஒரே ஒரு வட்டைத் தவிர மற்ற எல்லாவற்றின் கேபிளையும் கழற்றிய பிறகே அந்தத் திரைக்குப் போகிறேன்.

பகுதியை அழிக்காமலும் ஃபார்மட் செய்யாமலும் பழைய விண்டோஸ் இருந்த பகுதியிலேயே நிறுவினால், பழைய பயனர் கோப்புகளும் விண்டோஸ்.ஓல்ட் கோப்புறைக்குள் போய்ச் சேரும். தெரியாமல் செய்தவர்களுக்கு இது பலமுறை கைகொடுத்திருக்கிறது, ஆனால் இதை நம்பித் தொடங்கக் கூடாது.

என் கோப்புகள் எல்லாம் டி டிரைவில்தான் இருக்கின்றன. அவை பாதுகாப்பானவைதாமே?

சி டிரைவை மட்டும் ஃபார்மட் செய்தால் டி டிரைவில் இருப்பவை தப்பும் என்பது சரி. ஆனால் பெரும்பாலான கணினிகளில் சி, டி இரண்டும் ஒரே வட்டின் இரு பகுதிகள்தாம். வட்டு பழுதானால் இரண்டும் சேர்ந்தே போகும்.

விண்டோஸ் 11க்கு மாறும்போது இதில் புதிய ஆபத்து ஒன்றும் சேர்கிறது. அந்தப் பதிப்பு யூஇஎஃப்ஐ என்ற புதிய தொடக்க முறையில் தொடங்கும் கணினியை எதிர்பார்க்கிறது. பழைய கணினிகளில் வட்டு, அதன் பகுதிகளைப் பதிவுசெய்யும் எம்பிஆர் என்ற பழைய அமைப்பில் இருந்தால் அதை ஜிபிடி அமைப்புக்கு மாற்ற வேண்டியிருக்கும். விண்டோஸ் 10இன் 1703ஆம் பதிப்பிலிருந்து உடன் வரும் "எம்பிஆர்2ஜிபிடி" என்ற கருவி தரவை அழிக்காமல் இந்த மாற்றத்தைச் செய்யும். ஆனால் பலர் பின்பற்றும் குறிப்புகளில், "டிஸ்க்பார்ட்" கருவியில் "கிளீன்" கட்டளையைக் கொடுக்கும்படி எழுதப்பட்டிருக்கும். அந்தக் கட்டளை ஒரு பகுதியை மட்டும் துடைப்பதில்லை. வட்டில் உள்ள எல்லாப் பகுதிகளின் விவரத்தையும் ஒரே நொடியில் நீக்கிவிடும், டி டிரைவையும் சேர்த்து.

"ரெக்கவரி கீ" கேட்டு நீலத் திரை வருகிறது. ஏன்?

உங்கள் வட்டு விண்டோஸின் பிட்லாக்கர் முறையில் மறைகுறியாக்கம் செய்யப்பட்டிருக்கிறது, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டிருக்கிறது. அதன் சாவி கணினியின் டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லில் இருக்கிறது. மேம்படுத்தலை ஒட்டி, கணினியைத் தொடக்கி வைக்கும் பயாஸின் அமைப்புகளை மாற்றினாலோ, அதன் மென்பொருளைப் புதுப்பித்தாலோ, டிபிஎம் சில்லை அழித்தாலோ, கணினி தன்னையே அடையாளம் காணாமல் உங்களிடம் 48 இலக்க மீட்பு விசையைக் கேட்கும். அந்த 48 இலக்கங்கள் இல்லாவிட்டால் உள்ளே இருப்பதை எவராலும் எடுக்க முடியாது. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தாலும் முடியாது.

இதில் மனதை வதைக்கும் செய்தி, இது இயங்கிக்கொண்டிருப்பதே பலருக்குத் தெரியாது என்பதுதான். 2024ஆம் ஆண்டு வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி, மைக்ரோசாஃப்ட் கணக்கால் உள்நுழைந்தால், ஹோம் பதிப்பிலும்கூட மறைகுறியாக்கம் தானாக இயங்கத் தொடங்கிவிடும். விசை அந்தக் கணக்கிலேயே சேமிக்கப்படும். கணினியை முதலில் அமைத்துக் கொடுத்தவர் யாரோ ஒருவரின் கணக்கைப் பயன்படுத்தியிருந்தால், விசையும் அந்த யாரோ ஒருவரிடம்தான் இருக்கும்.

ஆகவே மேம்படுத்துவதற்கு முன், அமைப்புகளில் "டிவைஸ் என்கிரிப்ஷன்" அல்லது பிட்லாக்கர் இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால், உங்கள் கணக்குப் பக்கத்துக்குப் போய் விசையைக் கண்டுபிடித்து, அதன் அடையாள எண் உங்கள் கணினியில் காட்டப்படும் எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று ஒப்பிட்டு, தாளில் எழுதி வையுங்கள். அதே கணினிக்குள் சேமித்து வைப்பதால் பயன் இல்லை. பயாஸைத் தொடப்போகிறீர்கள் என்றால், பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கும் தேர்வைப் பயன்படுத்துங்கள். மேக்கின் ஃபைல்வால்ட் விசைக்கும் இதே கவனம் வேண்டும்.

தனித்தனிக் கோப்புகளை மறைகுறியாக்கம் செய்யும் பழைய இஎஃப்எஸ் வசதியைப் பயன்படுத்தியவர்கள் இன்னும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அதற்கான சான்றிதழ் பழைய விண்டோஸுக்குள் இருக்கிறது. அதை ஏற்றுமதி செய்து வைக்காமல் புதிதாக நிறுவினால், கோப்புகள் பத்திரமாக இருக்கும், பெயர்கள் தெரியும், ஆனால் திறக்கவே திறக்காது.

எவற்றையெல்லாம் பிரதி எடுக்க வேண்டும்? டெஸ்க்டாப்பையும் டாக்குமென்ட்ஸையும் எடுத்தால் போதாதா?

போதாது. ஒருமுறை ஒரு பள்ளி ஆசிரியை, டெஸ்க்டாப்பில் இருந்த எல்லாவற்றையும் பென்டிரைவில் எடுத்துவிட்டேன், நீங்கள் தாராளமாக அழிக்கலாம் என்றார். பென்டிரைவைத் திறந்து பார்த்தேன். நாற்பது கோப்புகள் இருந்தன. ஒவ்வொன்றும் இரண்டு கேபி அளவு. ஒவ்வொரு படத்தின் இடது மூலையிலும் வளைந்த சிறிய அம்புக்குறி. அவை எல்லாமே குறுக்குவழிகள். உண்மையான கோப்புறைகள் அந்தக் கணினியிலேயேதான் இருந்தன. அவர் சொன்னதை நம்பி நான் தொடர்ந்திருந்தால், பல ஆண்டு வினாத்தாள்களும் மாணவர் பதிவுகளும் அன்றோடு முடிந்திருக்கும்.

கண்ணில் படாத இடங்கள் பல உண்டு. பழைய அவுட்லுக் பதிப்புகள் அஞ்சல்களைப் பயனர் கோப்புறைக்குள் மறைந்திருக்கும் "ஆப்டேட்டா"வில் வைக்கின்றன. கணக்கு எழுதும் மென்பொருள்கள் சில தங்கள் தரவை டாக்குமென்ட்ஸில் வைக்காமல் நிறுவப்பட்ட கோப்புறைக்குள்ளேயோ சி டிரைவின் முதல் மட்டத்திலேயோ வைக்கின்றன. அவற்றுக்கு மென்பொருளின் உள்ளேயே இருக்கும் காப்புப்பிரதி வசதியைப் பயன்படுத்துவதே நல்லது. குரோம், எட்ஜ் போன்ற உலாவிகளில் சேமித்த கடவுச்சொற்கள் உங்கள் விண்டோஸ் கணக்கோடு பிணைக்கப்பட்டவை. உலாவியின் கோப்புறையை மட்டும் பிரதி எடுத்து வேறொரு நிறுவலில் வைத்தால் அவை திறக்காது. முறையாக ஏற்றுமதி செய்யுங்கள், அல்லது உலாவிக் கணக்கோடு ஒத்திசைத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் நெடுங்காலமாகத் தட்டச்சு செய்துவருபவர்களுக்கு இன்னொன்று. யூனிகோடுக்கு முந்தைய பாமினி, டாம், டாப், டிஸ்கி போன்ற எழுத்துருக் குறியாக்கங்களில் எழுதிய ஆவணங்கள், புதிதாக நிறுவிய கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளுமாகத் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்தவர்கள் இருக்கிறார்கள். கோப்பு கெடவில்லை, எழுத்துருதான் பழைய விண்டோஸோடு போய்விட்டது. ஆகவே "ஃபான்ட்ஸ்" கோப்புறையில் நீங்கள் தனியாகச் சேர்த்த எழுத்துருக்களையும் எடுத்து வையுங்கள். முடிந்தால் அந்த ஆவணங்களை ஒரு முறை யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.

பிரதியை எப்படி எடுப்பது, சரியாக இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மூன்று பிரதிகள், இரண்டு வகையான ஊடகங்கள், ஒன்று வேறோர் இடத்தில் என்ற 3-2-1 முறை பரவலாகச் சொல்லப்படுகிறது. முழுமையாகக் கடைப்பிடிக்க முடியாதவர்களும், மேம்படுத்தும் நேரத்தில் கணினியோடு எந்தக் கேபிளாலும் இணைக்கப்படாத ஒரு முழுப் பிரதியையாவது வைத்திருக்க வேண்டும்.

எடுத்த பிரதியைத் திறந்து பாருங்கள், முடிந்தால் வேறொரு கணினியில். மூலக் கோப்புறையின் மொத்த அளவையும் கோப்புகளின் எண்ணிக்கையையும் பிரதியோடு ஒப்பிடுங்கள். பழைய படம் ஒன்று, அண்மைய ஆவணம் ஒன்று, பெரிய காணொளி ஒன்று என மூன்றையாவது திறந்து பாருங்கள். பென்டிரைவ் ஃபேட்32 என்ற பழைய கோப்பு அமைப்பில் இருந்தால் 4 ஜிபியை எட்டிய கோப்புகளை அது ஏற்காது. நடுவில் வந்த பிழைச்செய்தியைக் கவனிக்காமல் "ஸ்கிப்" அழுத்தியிருந்தால் திருமணக் காணொளி மட்டும் விடுபட்டுப்போயிருக்கும். சரிபார்க்காத பிரதியை நான் பிரதியாகக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

வட்டின் நலத்தையும் இதே நேரத்தில் பார்த்துவிடுங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற கருவி எச்சரிக்கை காட்டினால், மேம்படுத்துவதைத் தள்ளிவைத்து, முதலில் வட்டை மாற்றுங்கள்.

எல்லாமே ஒன்டிரைவில் இருக்கிறது. அது போதுமா?

ஒத்திசைவு வேறு, காப்புப்பிரதி வேறு. ஒன்டிரைவ் போன்ற ஒத்திசைக்கும் சேவையில், கணினியில் அழித்தது மேகம் எனப்படும் இணையச் சேமிப்பிலும் அழியும். தனிநபர் கணக்குகளில் ஒன்டிரைவும் கூகுள் டிரைவும் அழித்தவற்றை 30 நாள் குப்பைத்தொட்டியில் வைத்திருக்கும். அதற்குப் பின் கிடைக்காது.

இன்னொரு குழப்பமும் உண்டு. கோப்பின் அருகே மேகக் குறி இருந்தால் அது கணினியில் இல்லை, பெயர் மட்டும்தான் இருக்கிறது. பச்சை நிறக் குறி இருந்தால்தான் உண்மையில் வட்டில் இருக்கிறது. இணையம் இல்லாத நேரத்தில் அப்படிப்பட்ட கோப்புறையைப் பிரதி எடுக்க முயன்றால் அந்தக் கோப்புகள் வந்து சேராது. மறுபுறம், ஒத்திசைவு பல மாதங்களுக்கு முன்பே இடப் பற்றாக்குறையால் நின்றுபோய், கணினியில் மட்டுமே இருக்கும் கோப்புகளும் உண்டு. கணினியை நம்பாமல், உலாவியில் சேவையின் தளத்தையே திறந்து, சென்ற வாரக் கோப்பு அங்கே இருக்கிறதா என்று பாருங்கள்.

நடுவில் மின்சாரம் போனால்?

விண்டோஸ் பெரும்பாலும் தானாகவே பழைய பதிப்புக்குத் திரும்பிவிடும். லினக்ஸில் தொகுப்புகள் பாதி நிறுவப்பட்ட நிலையில் நின்றுபோகலாம். பெரும்பாலும் அதைக் கட்டளை வழியே தொடரச் செய்ய முடியும். மடிக்கணினியை மின்னேற்றியோடு இணைத்தே வைத்திருங்கள். சதவீத எண் நெடுநேரம் நகரவில்லை என்பதற்காகப் பொறுமை இழந்து பொத்தானை அழுத்தி அணைக்காதீர்கள். பழைய வன்தட்டுகளில் ஒரே எண்ணில் ஒரு மணி நேரம் நிற்பதும் உண்டு.

மேம்படுத்திய பின் டெஸ்க்டாப் காலியாக இருக்கிறது. எல்லாம் போய்விட்டதா?

பதற வேண்டாம், பல நேரங்களில் போயிருக்காது. விண்டோஸ் உங்கள் பயனர் கணக்கைத் திறக்க முடியாமல் தற்காலிகமான ஒரு வெற்றுக் கணக்கைத் திறந்திருக்கலாம். 2020 பிப்ரவரியில் வந்த கேபி4532693 என்ற புதுப்பிப்புக்குப் பின் பலருக்கு இதுவே நேர்ந்தது. அவர்களின் கோப்புகள் சி டிரைவின் "யூசர்ஸ்" கோப்புறையில், பின்னொட்டுச் சேர்ந்த வேறொரு பெயரில் பத்திரமாக இருந்தன. அந்த நிலையில் புதிதாக எதையும் சேமிக்காதீர்கள், ஏனென்றால் தற்காலிகக் கணக்கில் சேமித்தவை வெளியேறும்போது அழிந்துவிடும். கணினியை ஓரிரு முறை மறுதொடக்கம் செய்து பாருங்கள். பிறகு யூசர்ஸ், விண்டோஸ்.ஓல்ட், ஒன்டிரைவுக்குள் இருக்கும் டெஸ்க்டாப் ஆகிய மூன்று இடங்களிலும் தேடுங்கள். மேக்கில் "ரீலொகேட்டட் ஐட்டம்ஸ்" என்ற பெயரில் ஒரு கோப்புறை வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பிடிக்காவிட்டால் பழைய பதிப்புக்குத் திரும்ப முடியுமா?

விண்டோஸில் 10 நாள் வரை முடியும். அதற்குள் கட்டளை ஒன்றின் வழியே இந்தக் காலத்தை 60 நாள் வரை நீட்டிக்கலாம். திரும்பும்போது, மேம்படுத்திய பின் நிறுவிய செயலிகளும் செய்த அமைப்பு மாற்றங்களும் போய்விடும். காலக்கெடு முடிந்ததும் விண்டோஸ்.ஓல்ட் தானாகவே நீக்கப்படும் என்பதால், அதற்குள் இருப்பது எதுவும் தேவைப்பட்டால் முதல் வாரத்திலேயே எடுத்துவிடுங்கள். இடத்தைக் காலி செய்யும் கருவியில் "முந்தைய விண்டோஸ் நிறுவல்கள்" என்ற பெட்டியைத் தேர்ந்தெடுத்தால் அந்த 10 நாளும் கிடையாது.

மேக்கில் இத்தகைய பின்வாங்கும் வழி இல்லை. வட்டை அழித்துப் பழையதை நிறுவி, மேக்கின் காப்புப்பிரதி வசதியான டைம் மெஷின் எடுத்த பிரதியிலிருந்து மீட்க வேண்டும். புதிய பதிப்பு மாற்றியமைத்த புகைப்பட நூலகத்தைப் பழைய பதிப்பால் திறக்க முடியாமல் போகலாம் என்பதால், மேம்படுத்துவதற்கு முன் எடுத்த பிரதியைத் தனியாக வைத்திருப்பது அவசியம்.

ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருக்கிறேன். தனியாக எதைக் கவனிக்க வேண்டும்?

விண்டோஸின் "ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்" வசதியை அணைத்துவிடுங்கள். அது இயங்கும்போது விண்டோஸ் முழுமையாக மூடப்படுவதில்லை. அந்த அரைத்தூக்க நிலையில் இருக்கும் பகுதிக்கு லினக்ஸிலிருந்து எழுதினால் கோப்பு அமைப்பே கெடலாம். லினக்ஸ் நிறுவியில் "வட்டு முழுவதையும் அழித்து நிறுவு" என்ற தேர்வு முழு வட்டையும் குறிக்கிறது, லினக்ஸ் இருந்த பகுதியை மட்டுமன்று.

ஏற்கெனவே அழிந்துவிட்டது. இப்போது என்ன செய்வது?

உடனே கணினியை அணையுங்கள். அழிந்த கோப்பின் இடத்தில் வேறொன்று எழுதப்படாத வரைதான் வாய்ப்பு; கணினி சும்மா ஓடிக்கொண்டிருந்தாலே அது எதையாவது எழுதிக்கொண்டுதான் இருக்கும். மீட்பு மென்பொருளை அதே வட்டில் பதிவிறக்குவது, மீட்க வேண்டியதன் மேலேயே எழுதுவதாகும். வட்டைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்து, டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் போன்ற இலவசக் கருவிகளால் தேடி, கிடைப்பதை இன்னொரு வட்டில் சேமியுங்கள். நீக்கப்பட்ட பகுதியை முழுமையாக மீட்க டெஸ்ட்டிஸ்க் உதவும். ஃபோட்டோரெக் கோப்புகளைத் தேடித் தரும், ஆனால் அவற்றின் பெயர்கள் பெரும்பாலும் கிடைக்காது.

சுழலும் வன்தட்டாக இருந்தால் நம்பிக்கை உண்டு. சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டியாக இருந்தால் நிலைமை கடினமானது: நீக்கப்பட்ட இடங்களை "டிரிம்" என்ற கட்டளை வழியே இயங்குதளம் வட்டுக்குத் தெரிவிக்கிறது, வட்டு அவற்றைத் தானாகவே துடைத்துவிடுகிறது. வன்தட்டு "டிக் டிக்" என்று ஒலி எழுப்பினால் எந்த மென்பொருளையும் ஓட்டாதீர்கள், மீண்டும் மின்சாரம் கொடுத்தும் பார்க்காதீர்கள். ஒவ்வொரு முறை சுழலும்போதும் உள்ளே இருக்கும் தட்டில் கீறல் விழக்கூடும். அந்த வட்டை அப்படியே தரவு மீட்பு ஆய்வகத்திடம் கொடுத்து, என்ன நடந்தது, அதன் பின் எத்தனை முறை இயக்கினீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.